பட்டாள வத்தலுக்கு இருமியவர்கள்

ஏழு வீடுகளும் ஒரு கிணறும் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு வாசலும் கொண்ட அந்த வளவில், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முதல் வீட்டுப் பேச்சித்தாய் பரீட்சைக்குப் போகிற தன் மகனுக்குச் சுத்திப் போட்ட ஒற்றைப் பட்டாள வத்தலின் நெடி, அவள் வீட்டு அடுப்பில் எழும்பாமல், முற்றத்தைத் தாண்டி, கிணற்றைத் தாண்டி, ஆறாவது வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்த கோமுவின் தொண்டையில் போய் எழும்பியது. கோமு இருமினாள், கண்ணும் மூக்கும் ஒழுக இருமினாள், அரிசியை அப்படியே விட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடிவந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்று இருமினாள், பேச்சித்தாயின் அடுப்பில் வத்தல் சத்தமில்லாமல் கருகி முடிந்த பிறகுதான் நிமிர்ந்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த யாரும் மூக்கில் விரலை வைக்கவில்லை. “பாத்தியளா, யாரு கண்ணுன்னு காட்டிக் குடுத்துட்டு” என்றுதான் சொன்னார்கள்.

சுத்திப் போடுவது என்ன பெரிய வித்தையா? ஏழு மிளகாய் வத்தல், ஒரு கை கல்லுப்பு, ஒரு சிட்டிகை முச்சந்தி மண். பிள்ளையைக் கிழக்கே பார்க்க உட்காரவைத்து, வலமாக மூன்று, இடமாக மூன்று சுற்றி, துப்பச் சொல்லி, நெருப்பில் போட வேண்டியது. நெடி குப்பென்று ஏறி வீடே தும்மினால் கண் ஒன்றும் படவில்லை, அவரவர் சோலியைப் பார்க்கப் போகலாம். நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது. யார் கண் என்பதை மட்டும் எந்த அடுப்பும் அதுவரை சொன்னதில்லை. சொல்லாததும் ஒரு வசதியாகத்தான் இருந்தது. எல்லோரையும் ஒரே அளவில் சந்தேகப்பட்டுக்கொண்டு எல்லோருடனும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைக்கலாம்.

பட்டாள வத்தல் வந்தபிறகு அந்த வசதி போயிற்று.

அதைக் கொண்டுவந்தவள் ஐந்தாவது வீட்டு ராஜபுஷ்பம். அவளுடைய தம்பி இம்மானுவேல் அஸ்ஸாம் பக்கம் பட்டாளத்தில் இருந்தவன். லீவில் வந்தபோது ஒரு காகிதத்தில் மடித்துப் பத்துப் பன்னிரண்டு மிளகாய் விதை கொண்டுவந்து, “அக்கா, அங்க இதைத் தின்னுட்டுத்தான் குளிரைத் தாங்குதோம்” என்று கொடுத்துவிட்டுப் போனான். ஓட்டை வாளி ஒன்றில் மண் போட்டுக் கிணற்றடியில் அவள் ஊன்றிவைத்தது இடுப்பு உயரம் வளர்ந்து, கட்டைவிரல் பருமனில், கிழவியின் கன்னம் மாதிரிச் சுருங்கிய சிவப்பில் காய்த்துத் தொங்கியது. முதல் பழத்தில் பாதியைக் கிள்ளிப் போட்டு அவள் வைத்த புளிக்குழம்பை வீட்டுக்கு ஒரு கரண்டி கொடுத்தனுப்ப, அன்று வளவில் இருந்த மோர் முழுக்கத் தீர்ந்தது. பேச்சித்தாயின் மகன் கிணற்றுத் தொட்டிக்குள் வாயை வைத்துக்கொண்டு படுத்துவிட்டான். மூன்றாவது வீட்டுக் கைலாசம் ஒருவர்தான் அந்தக் குழம்பைச் சோற்றில் பிசைந்து, பேப்பரை மடித்துத் தட்டுக்கு எதிரே நிறுத்திவைத்துக்கொண்டு, கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டுவிட்டு, “உப்பு கொஞ்சம் தூக்கல்” என்றார்.

கைலாசத்தின் பெண்சாதிதான் செண்பகவடிவு. வளவில் வடிவு. வடிவும் புஷ்பமும் கான்வென்டில் ஒன்றாம் வகுப்பிலிருந்து பதினொன்றாம் வகுப்புவரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். பிறகு வடிவு கல்யாணம் செய்துகொண்டாள்; புஷ்பம் நர்ஸுக்குப் படித்து, இருபத்தைந்து வருஷம் பிரசவ வார்டில் நின்றே வேலை பார்த்து, முட்டி தேய்ந்து வேலையை விட்டு, கல்யாணம் என்கிற பேச்சையே எடுக்காமல் ஐந்தாவது வீட்டுக்குக் குடிவந்தாள். வடிவின் ஒரே மகள் தாரணி பிறந்தபோது அவளை ஏந்திப் பிடித்து, காலைத் தலைகீழாகத் தூக்கி முதுகில் ஒரு தட்டுத் தட்டி அழவைத்ததே புஷ்பத்தின் கைதான். ‘முதல் அடி நான் குடுத்தது’ என்று அவள் தாரணியிடம் வருஷம் தவறாமல் சொல்லுவாள்.

குழம்புக்கு ஆகாத வத்தலை என்ன செய்வது? காயவைத்து வீட்டுக்கு நாலாகப் புஷ்பம் கொடுத்தாள். ஏழு வத்தலுக்குப் பதில் ஒன்று போதுமே என்று பேச்சித்தாய் சுத்திப் போட எடுத்தாள். அப்புறம் நடந்ததுதான் முதலில் சொன்னது.

ஒரு மாசத்துக்குள் வளவுக்கு அதன் சட்டதிட்டமெல்லாம் தெரிந்துபோயிற்று. ஒரு வத்தலுக்கு ஒரே ஆள்தான் இருமுவார். சுத்துகிறவருக்கும் சுத்தப்படுகிறவருக்கும் நெடி கிடையாது. தூரம் ஒரு பொருட்டில்லை. நாலாவது வீட்டுக்காரன் தென்காசி பஸ்ஸில் இரும, கண்டக்டர் அவனை நடுவழியில் இறக்கிவிட்டுவிட்டுப் போனான். வாயை மூடிக்கொண்டு அடக்கினால் மூக்கு வழியாக வந்தது, சினிமா தியேட்டருக்குப் போய் ஒளிந்துகொண்டால் இடைவேளைக்கு முன்னாலேயே வந்தது. ஏழாவது வீட்டுச் சங்குமுத்து அண்ணாச்சிக்கு முப்பது வருஷத்து இரைப்பு. அவர் டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கி லேமினேஷன் போட்டு, வாசல் நிலையில் ஆணி அடித்து மாட்டினார். பேச்சித்தாய் அதை நின்று எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “இதுல செவ்வாக்கிழமை இருமலுக்குன்னு தனியா ஒண்ணும் போடலயே அண்ணாச்சி” என்றாள்.

கோமுவைக் கல்யாண வீடுகளில் முன்வரிசையில் உட்காரவைப்பதை நிறுத்தினார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடித்து முடித்ததும், “ஒரு வத்தலைச் சுத்திப் போட்டுப் பாத்துக்கிடலாமா” என்று கூச்சமில்லாமல் கேட்டார்கள். இருமியவர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: தாளிப்புப் புகை, தூசி, தொண்டையில் சோறு. யாரும் நம்பவில்லை. இருமியவர்கள் ஒருவரையொருவரும் நம்பவில்லை.

இந்தக் கணக்குகளை எல்லாம் நெஞ்சில் ஏற்றிவைத்துக்கொண்டு நடு முற்றத்தில் நின்று தீர்ப்புச் சொல்லுகிறவளாக வடிவு ஆனாள். வாய் ஏற்கெனவே இருந்தது, இப்போது சாட்சியும் கிடைத்தது. யார் எப்போது யாருக்கு இருமினார்கள் என்று கேட்டால் கிழமையோடு சொல்லுவாள். “எங்க வீட்டு ஆளப் பாருங்க” என்பாள், “இத்தனை வத்தல் எரிஞ்சிருக்கு, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இருமியிருப்பாகளா? யார் மேலயும் ஒரு பொறாமை கிடையாது, ஒரு கெட்ட எண்ணம் கிடையாது. மனசு கழுவிவச்ச சட்டி மாதிரி.” கைலாசம் பேப்பரைத் திருப்புவார். ஒருமுறை அவருக்கே வடிவு சுத்திப் போட்டபோது வளவில் ஒருவர்கூட இருமவில்லை. அதையும் அவள் பெருமையாகத்தான் சொன்னாள்.

ஆவணியில் தாரணி பிரசவத்துக்கு வந்தாள். முதல் கர்ப்பம் ஐந்தாம் மாதம் கலைந்து, இரண்டு வருஷம் கழித்துத் தங்கியது இது. மாப்பிள்ளை புனேயில் இருந்தான், நாள் தவறாமல் போனில் வயிற்றைக் காட்டச் சொல்லுவான். பெட்டியோடு வளவு வாசலில் நுழைந்த மகளை ஏழு வீட்டு வாசலும் எட்டிப் பார்க்க, வடிவு தன் சேலை முந்தானையால் அவள் வயிற்றை மூடியே உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

இரண்டு வாரம் கழித்துப் புஷ்பம் ஒரு தூக்கில் மீன்குழம்போடு வந்தாள். கைலாசத்துக்குத் தெரியாமல் தாரணிக்கு மீன்குழம்பு கொடுப்பது அவள் பத்து வயதிலிருந்து நடக்கிற காரியம். வடிவுக்குத் தெரியாத மாதிரி வடிவு இருப்பாள். புஷ்பம் குழம்பை வைத்துவிட்டுப் போகாமல் தாரணியின் காலைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் காலைப் பார்த்தாள். குனிந்து கணுக்காலில் பெருவிரலை வைத்து அழுத்தினாள்.

“ஏட்டி வடிவு, இவ காலு நல்லால்ல.”

“என்ன நல்லால்ல?”

“வீங்கியிருக்கு. அமுக்குனா குழி விழுது. தலைவலி இருக்காட்டி உனக்கு? மோதிரம் கழலுதா? வடிவு, நாளைக்கே கூட்டிட்டுப் போயி பிரஷர் பாத்துரு.”

“மாசமா இருக்கிறவளுக்குக் கால் வீங்காம காதா வீங்கும்? பத்து நாள் முந்தித்தான் டாக்டரம்மா நல்லாருக்குன்னு சொன்னா.”

“பத்து நாள் முந்தி சொன்னா. நான் இன்னைக்குச் சொல்லுதேன்.”

அவள் போனபிறகு வடிவு மகளின் காலைச் சேலையால் மூடிவிட்டாள். இவ்வளவு உற்றுப் பார்ப்பானேன்? பிள்ளை பெறாதவள், பெறப்போகிறவளின் காலை இப்படிக் குனிந்து பார்த்து, நல்லாயில்லை என்று வாயாலும் சொல்லிவிட்டுப் போவானேன்? இத்தனை வருஷத்தில் ஒருநாளும் வடிவு இப்படி நினைத்ததில்லை. நினைப்பதற்கு ஒரு கருவி அதுவரை கையில் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாரணியைக் கிழக்கே பார்க்க உட்காரவைத்து, ஒரு பட்டாள வத்தலை எடுத்து, வலமாக மூன்று, இடமாக மூன்று சுற்றி, அடுப்பில் போட்டாள். நெடி வரவில்லை. வடிவு கையைக்கூடக் கழுவாமல் முற்றத்துக்கு ஓடினாள். முதல் வீடு அமைதி. இரண்டாவது வீட்டில் டிவி. கோமு வாசலில் உட்கார்ந்து, எனக்கு இல்லை பார் என்று வாயைத் திறந்தே காட்டினாள். ஐந்தாவது வீட்டுக் கதவுக்குப் பின்னால் யாரோ தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருமுகிற சத்தம் கேட்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். புஷ்பம் கட்டிலில் குப்புறக் கிடந்தாள்.

“எதுக்குட்டி தலையணை? சத்தமா இருமு. வளவு கேக்கட்டும்.”

புஷ்பம் கையை ஆட்டினாள். பேச முடியவில்லை. வத்தல் எரிந்து முடிகிற மட்டும் வடிவு அங்கேயே நின்றாள்.

“நான் அவளுக்குக் கண்ணு வைப்பேனாட்டி?” என்றாள் புஷ்பம், மூச்சு வந்ததும். “எங் கையில விழுந்த புள்ள.”

“அதான் கேக்கேன். உங் கையில விழுந்தது, உனக்குன்னு விழலியே. அதான?”

புஷ்பம் முகத்தைத் துடைத்தாள். துடைத்த துண்டை நாலாக மடித்தாள். பிரசவ வார்டில் எது நடந்தாலும் துணியை மடித்து வைக்கிற பழக்கம் அது. “நீ என்னை என்ன வேணாலும் சொல்லு. பிரஷர் மட்டும் பாத்துரு.”

“எம் மக பேரு இனிமே உன் வாயில வரக்கூடாது. காலைப் பாக்குறது, கையைப் பாக்குறது, ஒண்ணும் வேண்டாம். பேரையே எடுக்காத.”

“சரி” என்றாள் புஷ்பம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்து, ஒரு டிரங்குப் பெட்டியையும் ஒரு கைப்பிடி வத்தலையும் எடுத்துக்கொண்டு, செடியை அப்படியே விட்டுவிட்டு, நாசரேத்தில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். வாசலைத் தாண்டும்போது சங்குமுத்து அண்ணாச்சி மட்டும், “எம்மா, எங்கிட்ட ஒரு சர்டிபிகேட் இருக்கு, உனக்கும் ஒண்ணு வாங்கித் தரவா?” என்று கேட்டார். அதற்கு அவள் சிரித்தாள் என்று பேச்சித்தாய் வந்து சொன்னாள். சிரித்ததையும் வடிவு கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு செவ்வாயும் வெள்ளியும் வடிவு சுத்திப் போட்டாள். நெடி வரவில்லை. வளவில் ஒருவரும் இருமவுமில்லை. நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்துகொண்டு இன்னும் வைக்கிறாளா கண், என்று பல்லைக் கடித்துக்கொண்டு மகளை வெளியே விடுவதையே நிறுத்தினாள். மாசச் செக்கப்புக்கு ஆஸ்பத்திரி போனால் வரிசையில் நூறு பேர் பார்ப்பார்கள், அடுத்த வாரம் போகலாம். அடுத்த வாரம் வந்தது, அதற்கடுத்த வாரம் போகலாம். மோதிரத்தைச் சோப்புப் போட்டும் கழற்ற முடியவில்லை. தலைவலி என்று தாரணி சொன்னாள்; கண் முன்னால் பூச்சி பறக்கிறது என்று சொன்னாள். “எல்லாம் அவ கண்ணு” என்றாள் வடிவு.

“அம்மா, புஷ்பம் அத்தை சொன்ன மாதிரி ஒரு தடவை காட்டிட்டு வந்துருவோமே.”

“அவ பேச்சை எடுத்தேன்னா பாரு.”

கைலாசம் தன் நாற்காலியிலிருந்து, “பேப்பர்ல மழைன்னு போட்டிருக்கான்” என்றார்.

ஒரு வியாழக்கிழமை. யாரும் சுத்திப் போடாத நாள். வடிவு மத்தியானத்துக்குச் சொதி வைத்தாள். முதல் தேங்காய்ப் பாலை ஊற்றி, ஒரு கொதி வரும் முன் இறக்கி, எலுமிச்சை பிழிந்து, ஊற்றிவைக்க அலமாரியிலிருந்து தூக்கை எடுத்தாள். நெளிந்த மூடி போட்ட புஷ்பத்தின் தூக்கு அது. மீன்குழம்போடு வந்து திரும்பிப் போகாதது. எடுத்ததே கைக்குத் தெரியாது. மூன்று கரண்டி ஊற்றியும் ஆயிற்று. இஞ்சிப் பச்சடி அரைக்கலியே, பச்சடி இல்லாம புஷ்பம் சொதியைத் தொடமாட்டாளே, என்று மனசுக்குள் ஓடிய அந்த நொடியில் தொண்டையில் தீ வைத்த மாதிரி ஒன்று ஏறியது.

வடிவு இருமினாள். கரண்டியைப் போட்டுவிட்டு இருமினாள், சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள், தண்ணீர் குடிக்கப் போய்ச் சொம்பைத் தள்ளிவிட்டு இருமினாள். கண்ணிலிருந்து ஒழுகியது மூக்கிலிருந்து ஒழுகியதோடு சேர்ந்து கழுத்து வரை வந்தது. இருமிக்கொண்டே தன் மனசுக்குள் கையை விட்டுத் துழாவினாள். கோபம் இருந்தது, மலையளவு இருந்தது. பொறாமை? முட்டி தேய்ந்து, தம்பி பெண்சாதி கையால் சோறு வாங்கித் தின்கிறவளிடம் என்ன இருக்கிறது பொறாமைப்பட? கண்ணும் இல்லை, கரியும் இல்லை. இஞ்சிப் பச்சடிதான் இருந்தது. எத்தனை தடவை துழாவினாலும் கையில் அந்த இஞ்சிப் பச்சடி ஒன்றுதான் அகப்பட்டது.

பேச்சித்தாய் சன்னலில் வந்து நின்றாள். வடிவு இருமி வளவு பார்த்ததில்லை. “மதினி, யாருக்கு இருமுதிய?”

“யாருக்கும் இல்ல… தாளிப்பு” என்றாள் வடிவு.

சொதிக்குத் தாளிப்பு கிடையாது என்று பேச்சித்தாய்க்கும் தெரியும்.

இருமல் நின்றதும் வடிவு கைலாசத்தின் போனை எடுத்து நாசரேத்துக்குப் போட்டாள். இம்மானுவேலின் பெண்சாதி ஜெபக்கனி எடுத்தாள்.

“இப்ப உங்க வீட்டுல யாருக்காவது சுத்திப் போட்டியளா?”

“ஐயோ, அதுக்குள்ள யாரு சொன்னா?” என்றாள் ஜெபக்கனி. “பாஸ்டருக்குத் தெரிஞ்சா கொன்னுருவாரு. மைனிக்குத்தான் போட்டேன். வந்ததிலேருந்து செவ்வாயும் வெள்ளியும் ஆனா சாயங்காலம் ஒரு இருமல் வருது பாருங்க, உசிரு போயிட்டு வருது. ஜெபமும் பண்ணியாச்சு, மருந்தும் குடுத்தாச்சு. நேத்து ராத்திரி ஒருவா சோறு எறங்கல. கேட்டா, ‘எனக்கு இருமல் வந்தா நல்லதுதான், அங்க எல்லாம் நடக்குதுன்னு அர்த்தம்’ங்காக. என்ன பேச்சு இது? நீங்க… வடிவக்காவா?”

வடிவு போனை வைத்தாள்.

பிள்ளைகளுக்குச் சுத்திப் போடுவது எப்போதும் பெற்றவள்தான். சுத்துகிறவளுக்கு நெடி கிடையாது. அதனால்தான் எந்தப் பிள்ளைக்கும் எந்தத் தாயும் இருமவில்லை. தாய்க்கு அடுத்தபடியாக அந்தப் பிள்ளையைத் தூக்கிச் சுமந்துகொண்டிருந்த நெஞ்சு எதுவோ அதுதான் இருமியது. கோமு தன் மகனின் பழைய கணக்குப் புத்தகத்தைப் பேச்சித்தாய் மகனுக்குக் கொடுத்து, தினமும் சாயங்காலம் அவன் பாஸாக வேண்டுமென்று விளக்குப் போட்டுக்கொண்டிருந்தாள், இந்த வளவுப் பெண்கள் அவளைக் கடைசி வரிசைக்குத் தள்ளினார்கள். இருமிய ஒவ்வொருவருக்கும் உள்ளே என்ன இருந்தது என்று அவரவருக்குத் தெரிந்திருந்தது. சொன்னால் யார் கேட்டார்கள்? வடிவு கேட்டாளா?

அவள் உள்ளே போய் மகளின் கணுக்காலில் பெருவிரலை வைத்து அழுத்தினாள். குழி விழுந்தது. எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

ஆட்டோ பிடித்து மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரியில் தாரணியின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்த நர்ஸ் பெண், அளவைப் பார்த்துவிட்டு, மறுபடியும் அடித்துப் பார்த்துவிட்டு, எழுந்து ஓடினாள். டாக்டரம்மா வந்து, “கால் வீக்கம் எத்தனை நாளா?” என்றார்.

“மூணு வாரமா. ஒருத்தி சொன்னா. நான் கேக்கல.”

“மூணு வாரமா என்ன செஞ்சுட்டிருந்தீங்க?”

வாரத்துக்கு இரண்டு வத்தல் எரித்தேன் என்று எப்படிச் சொல்லுவது?

அன்று சாயங்காலமே வயிற்றைக் கீறி எடுத்தார்கள். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு பெண் குழந்தை, கண்ணாடிப் பெட்டிக்குள். தாரணி இரண்டு நாள் கண் திறக்கவில்லை. அந்த இரண்டு நாளும் வடிவு பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. கைலாசம் கீழே போய் வந்து, “கேன்டீன்ல வடை பரவால்ல, வாங்கிட்டு வரவா?” என்று கேட்டார். வடிவு தலையைத் திருப்பி, முப்பது வருஷமாகப் பக்கத்தில் இருந்த அந்த முகத்தை முதல்முதலாகப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். கழுவிவைத்த சட்டி. ஒருநாளும் எதுவும் கொதிக்காத சட்டிக்குக் கழுவுகிற வேலை ஏது?

மூன்றாம் நாள் தாரணி கண் திறந்து தண்ணீர் கேட்டாள். எட்டாம் நாள் பிள்ளையோடு வீட்டுக்கு வந்தாள்.

வடிவு நடு முற்றத்தில் நின்று நடந்ததைச் சொன்னாள். கோமுவின் வீட்டு வாசலில் போய் நின்று தனியாகவும் சொன்னாள். கோமு முறத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள், தட்டட்டும். வளவுக்கு அந்தச் செய்தி பிடிக்கவில்லை. இருமினால் சந்தேகம் என்று இருந்தபோது நிம்மதியாகத் தூங்கியவர்கள், இருமாவிட்டால் சந்தேகம் என்று ஆனதும் கலங்கிப்போனார்கள். “அப்போ எனக்குச் சுத்திப் போட்டப்போ எம் புருஷன் இருமலியே” என்று பேச்சித்தாய் ஆரம்பித்தாள். அன்று சாயங்காலம் அவள் புருஷன், யாரும் எதையும் எரிக்காத நேரத்தில், கிணற்றடியில் வந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி இருமினான். மறுநாள் நாலாவது வீட்டுக்காரனும் இருமினான். சங்குமுத்து அண்ணாச்சி சர்டிபிகேட்டைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார். கைலாசம் பொய்க்குக்கூட இருமவில்லை.

நாசரேத்துக்கு மட்டும் வடிவு பேசவில்லை. போனை எடுப்பாள், நம்பரைப் பார்ப்பாள், வைத்துவிடுவாள். என்னவென்று தொடங்குவது? கான்வென்டில் சிஸ்டர்கள் எல்லாவற்றுக்கும் ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், பிந்தி வந்தால் ஒன்று, பேனா கடன் கேட்டால் ஒன்று. இதற்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பதினோராம் நாள், சாயங்காலம் நாலரை மணி. செடியில் பழம் ஓய்ந்துவிட்டது. டப்பாவில் கடைசி வத்தல் ஒன்று கிடந்தது. வடிவு அதை எடுத்துத் தாரணியிடம் கொடுத்துவிட்டு, கிழக்கே பார்த்து உட்கார்ந்தாள்.

“எனக்குச் சுத்திப் போடு.”

“உனக்கு யாரும்மா கண்ணு வைக்கப்போறா, உன் வாய்க்குப் பயந்து?”

“போடுட்டி.”

தையல் வலிக்க நாற்காலியில் உட்கார்ந்தபடியே தாரணி வலமாக மூன்று, இடமாக மூன்று சுற்றினாள். வடிவு துப்பினாள். வத்தல் கரியில் விழுந்தது, சுருண்டது, கறுத்தது. நெடி வரவில்லை. எதிரே நாலடி தூரத்தில் கைலாசம் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். வடிவு அவர் தொண்டையையே பார்த்தாள். அந்தத் தொண்டை ஒருமுறை அசைந்தது. கைலாசம் எச்சிலை விழுங்கிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

முற்றம் அமைதியாக இருந்தது. ஏழு வீடும் அமைதியாக இருந்தது.

அப்போது போன் அடித்தது.

“போன் அடிக்குது” என்றார் கைலாசம், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

வடிவு எடுத்துக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் பேச்சு இல்லை. இருமல்தான் வந்தது. தலையணை ஏதும் இல்லாத, அடக்காத, குடலைப் பிடுங்குகிற இருமல். அதற்கு நடுவில், மூச்சு கிடைத்த இடத்தில், ஒவ்வொரு சொல்லாக வந்தது.

“பதினோரு நாளா… இருமல் வரலட்டி… செவ்வாயும் வரல… வெள்ளியும் வரல… சுத்திப் போட ஆளு இல்லாம ஆச்சோன்னு… நான் கேக்கவும் முடியாம… இன்னைக்கு இப்பத்தான் வந்துச்சு… சொல்லுட்டி, அவ…”

இருமினாள்.

“அவ இருக்காளா?”

வடிவு அடுப்பைப் பார்த்தாள். வத்தல் இன்னும் பாதி எரியாமல் கிடந்தது. தாரணி கையை நீட்டி, யாரும்மா, யாரு, என்று போனைக் கேட்டாள். வடிவு கொடுக்கவில்லை.

“அவன்னா எவ?” என்றாள். குரல் உடைந்து எங்கேயோ போயிற்று, இழுத்துப் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்தாள். “பேரைச் சொல்லிக் கேளுட்டி.”